தெருவைப் பிரித்துவிட்ட தையல்காரி

உப்புமண்டித் தெரு முனையில் லாரி திரும்ப எட்டடி குறைந்தது. ஒரு பக்கம் மாநகராட்சி வார்டு அலுவலகம், எதிரே ஒன்பது வீடுகள். வீடுகளை இடித்துச் சாலையை அகலப்படுத்த வரைபடத்தோடு வந்தார் பொறியாளர் கனகசபாபதி. தெருவே திரண்டு மறித்தது.

“வீட்டைத் தொடாம எட்டடி காட்டுங்க பாப்போம். திட்டத்தையே கிழிச்சுப் போடுறேன்!” என்று சிரித்தார் அவர்.

முதல் வீட்டுத் தையல்காரி ஜெபமணி கழுத்தில் தொங்கிய அளவு டேப்போடு முன்னே வந்தாள். இடித்தால் அவளுடைய மிஷின் அறைதான் முதலில் போகும்.

“ரவிக்கை இறுக்கமா இருந்தா பக்கத்து வீட்டுச் சேலையையா கிழிப்போம், சார்? உள்ளே மடிச்சுத் தைச்சதைப் பிரிச்சு விடுவோம்.”

“இங்கே என்னம்மா மடிஞ்சு கிடக்கு?”

“உங்க படத்துல இப்போ இருக்கிற தெரு எத்தனை அடி?”

“முப்பது.”

“நான் அளந்தேன், இருபத்திரண்டு. மிச்சம் எட்டடி உங்க ஆபீஸ் சுவருக்குள்ள மடிஞ்சிருக்கு. அதுலதான் உங்க ஜீப் நிக்குது.”

பொறியாளர் வரைபடத்தை விரித்துப் பார்த்தார். தெருவின் எல்லைக்கோடு அலுவலக முற்றத்துக்குள்தான் ஓடியது. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

“அதுக்காக சர்க்கார் சுவரை இடிக்கச் சொல்றியா?”

“இடிப்புன்னு ஏன் சார் பெரிய வார்த்தை? தப்பாப் போட்ட தையலைப் பிரிக்கிறதுன்னு சொல்லுங்க.”

அந்த வாரமே சுவர் பிரிந்தது. லாரி திரும்பியது. ஒன்பது வீட்டிலும் வழக்கம்போல அடுப்பு எரிந்தது.