பச்சை உடம்பு பிக்கப்

எங்கள் பக்கத்தில் யாராவது ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் காரியத்தை மெனக்கெட்டுக் கெடுத்துவிட்டால், "என்னப்பா, மொடக்காம்பதிக்குப் போயி யோசனை கேட்டுட்டு வந்தியா?" என்பார்கள். அந்தப் பெருமையை ஊருக்குச் சம்பாதித்துக் கொடுத்தவர்கள் மூன்று பேர். நாச்சிமுத்து, பொங்கியண்ணன், தேவணன். மூவரும் பங்காளிகள். மூவரும் சேர்ந்து ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்கி, தேங்காய், புண்ணாக்கு என்று லோடு அடித்துப் பிழைத்தார்கள். மூத்தவர் என்பதால் ஸ்டீரிங் நாச்சிமுத்து கையில் இருந்தது. மற்ற இருவருக்கும் யோசனை சொல்லும் வேலை.

தேவணனுக்குக் கோகிலா என்று ஒரு தங்கை. அப்பா அம்மா இல்லாத பெண். மூன்று அண்ணன்களின் அறிவையும் சேர்த்து ஆண்டவன் அவளுக்கே கொடுத்துவிட்டான் என்று ஊரில் பேச்சு. அவளுக்கு ஆனி மாதம் கல்யாணம் நிச்சயமானது. மாமியாராக வரப்போகும் சாமியாத்தாள், வெற்றிலை பாக்கு மாற்றிய கையோடு சொன்னாள்:

"சீரு மொதல்ல எங்கூட்டு வாசல்ல வந்து எறங்கோணும். அப்பறந்தான் பொண்ணு படி ஏறோணும். வெறுங்கையோட வந்துட்டான்னு நாளைக்கு நாலு பேரு பேசிரக்கூடாது பாருங்க."

நாலு பேர் பேச மாட்டார்கள், சாமியாத்தாள் ஒருத்தியே ஆயுசு பூராவும் பேசுவாள் என்பது கோகிலாவுக்கு அங்கேயே புரிந்துவிட்டது. கட்டில், பீரோ, கிரைண்டர், பித்தளைப் பாத்திரம் எல்லாம் வாங்கி வீட்டில் அடுக்கியாயிற்று. கொண்டுபோய் இறக்குவதற்குச் சொந்த வண்டி இருக்கிறது. வாடகை மிச்சம் என்று தேவணன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அந்த நேரம் பார்த்து வண்டி புகை கக்க ஆரம்பித்தது. டவுனில் இருக்கும் சூசை மெக்கானிக்குக்கு நாச்சிமுத்து போன் போட்டார்.

"புகை என்ன கலருங்க?" என்று கேட்டார் சூசை.

நாச்சிமுத்து ஊதா என்றார். பொங்கியண்ணன் கத்திரிப்பூ என்றான். தேவணன் ரொம்ப நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, மாமியார் வீட்டுச் சுவர் கலர் என்றான். அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

"இப்படிப் போன்ல சொன்னா எனக்கென்ன தெரியும்? புகையப் பாத்தாத்தான் சொல்ல முடியும்" என்று சூசை போனை வைத்துவிட்டார்.

நியாயமான பேச்சு. உடனே மூவரும் ஓர் உரச்சாக்கை எடுத்து, சைலன்சர் வாயில் பிடித்து, சாக்கு உப்பும்வரை புகையைப் பிடித்து, கழுத்தை இறுக்கிக் கட்டினார்கள். பஸ்ஸில் மடியில் வைத்துப் பத்திரமாக டவுனுக்குக் கொண்டுபோனார்கள். சூசையின் முன்னால் கட்டை அவிழ்த்துக் கொட்டினார்கள். ஒன்றும் விழவில்லை.

"பஸ்ஸுல எம்பக்கத்துல ஒருத்தன் உக்காந்திருந்தான்" என்றான் தேவணன். "அப்பவே எனக்குச் சந்தேகந்தான்."

சூசை தொழிலுக்கு வந்து தலை நரைத்தவர். பைக்கை எடுத்துக்கொண்டு மொடக்காம்பதிக்கே வந்து இன்ஜினைப் பிரித்தார். இன்ஜினுக்குள் சிலிண்டர் தேய்ந்துவிட்டது, பிஸ்டன், ரிங் எல்லாம் மாற்ற வேண்டும் என்றார். நாற்பதாயிரம் ஆகும் என்றார். வாடகைக்கு ஒரு லாரி பிடித்தால் மூவாயிரத்தில் முடிகிற காரியம். ஆனால் சும்மா மூவாயிரம் செலவழிக்க அவர்களுக்கு மனசு வரவில்லை. தேவணன் கறவை மாட்டை விற்றான். நாச்சிமுத்து பெண்டாட்டியின் தோட்டை அடகு வைத்தார். பொங்கியண்ணன் தன் பங்குக்குக் கண் கலங்கினான்.

வேலை முடிந்து வண்டியை ஒப்படைக்கும்போது சூசை ஒரு தப்புப் பண்ணினார். அவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்ல நினைத்தார்.

"ஆயிரம் கிலோமீட்டர் ஓடுறவரைக்கும் பாரமே ஏத்தக்கூடாது. நாப்பதுக்கு மேல வெரட்டக்கூடாது. புதுசாக் கட்டின இன்ஜின், பச்ச ஒடம்பு மாதிரி. அப்படிப் பாத்துக்கோணும், தெரிஞ்சுதா?"

மூவரும் வண்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை நாள் இதுகூடத் தெரியாமல் இருந்துவிட்டோமே என்று நாச்சிமுத்துவுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மூவரில் பச்சை உடம்பைப் பற்றித் தெரிந்தவன் பொங்கியண்ணன்தான். அவன் பெண்டாட்டி மூன்று பிள்ளை பெற்றவள். மூன்று தடவையும் வாசலில் உட்கார்ந்து பீடி குடித்த அனுபவம் அவனுக்கு உண்டு.

"மொதல்ல காத்துப் படக்கூடாதுங்ண்ணா" என்றான். "காதுல காத்துப் போச்சுன்னா அப்பறம் சென்மத்துக்கும் மண்டையிடி."

வண்டிக்குக் காது எது என்று அரை நாள் விவாதம் நடந்தது. கடைசியில் இரண்டு பக்கக் கண்ணாடியும்தான் என்று முடிவாகி, துண்டு சுற்றிக் கட்டினார்கள். பானெட்டின் முன்பக்கம் முழுக்க ஒரு கனத்த கம்பளியைப் போர்த்திக் கயிறு போட்டு இறுக்கினார்கள். பச்சைத் தண்ணீர் ஆகாது என்று ரேடியேட்டருக்கு வெந்நீர் வைத்து ஊற்றினார்கள். சாயங்காலமானால் சாம்பிராணிப் புகை போட்டு, வேப்பிலை செருகினார்கள். காற்றுக் கருப்பு அண்டாமல் பக்கத்தில் ஓர் இரும்புத் துண்டு வைக்க வேண்டுமாம். அந்த வண்டியே ஒரு டன் இரும்பு. இருந்தாலும் முறை முறைதான் என்று ஓர் அரிவாளை வைத்தார்கள்.

பிரசவ லேகியத்தில்தான் சிக்கல். கிண்டியாயிற்று. ஊட்டுவது எங்கே?

"டீசல் ஊத்துற மூடியத் தொறந்து உள்ள தள்ளுங்க" என்றான் தேவணன்.

கோகிலா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். "அண்ணா, டேங்கில கைய வெச்சீங்கன்னா நான் மனுசியா இருக்க மாட்டேன், சொல்லிப்போட்டேன்."

அதனால் லேகியத்தை வண்டியின் சார்பில் பொங்கியண்ணன் சாப்பிட்டான். பத்து நாளில் கன்னம் உப்பி, மினுமினு என்று ஆகிவிட்டான். வண்டியும் தேறிவருகிறது என்று மூவரும் அதை வைத்தே முடிவு செய்தார்கள்.

தினமும் கம்பளியோடு வண்டியைக் கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டிக் கூட்டிவந்தார்கள். ஒருநாள் பாதி வழியில் பானெட்டிலிருந்து குபுகுபுவென்று ஆவி வந்தது.

"வேர்க்குது" என்றார் நாச்சிமுத்து. "வேர்த்தா நல்லதுதான். ஒடம்புல இருக்கிற கெட்ட நீரெல்லாம் எறங்குது."

"இன்னொரு கம்பளி போட்டா சீக்கிரம் எறங்குமுங்ண்ணா" என்றான் பொங்கியண்ணன்.

போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் வண்டி ஒரு முனகல் முனகி நின்றுவிட்டது. நன்றாகத் தூங்குகிறது என்று மூவரும் சத்தம் போடாமல் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். இருட்டியும் எழுந்திருக்காததால்தான் சூசைக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

இன்ஜின் இறுகிப்போயிருந்தது. கம்பளிகளைப் பார்த்த சூசை தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு பில் போட்டார். முதல் பில்லில் வீட்டுக்கு மாடி எழுப்பத் தொடங்கிய மனிதர், இரண்டாவது பில்லில் பெயின்ட் அடித்து முடித்தார் என்று கேள்வி. இந்தத் தடவை நாச்சிமுத்துவின் தென்னந்தோப்பு மூன்று வருஷக் குத்தகைக்குப் போனது.

"காத்து நல்லாப் படோணும். பச்சத் தண்ணிதான் ஊத்தோணும்" என்று சூசை அடித்துச் சொன்னார். "மறுபடியும் மொதல்லருந்து ஆயிரம் கிலோமீட்டர். பாரம் மட்டும் ஏத்திராதீங்க. குண்டுங்குழியில விட்டுக் குலுக்காதீங்க. இன்னொருக்கா போச்சுன்னா இன்ஜினே புதுசு வாங்கோணும். ஒரு லட்சத்துக்கு மேல ஆயிரும்."

கோகிலாவின் கல்யாணத்துக்கு நாலு நாள்தான் இருந்தது. மீட்டரில் ஐம்பது கிலோமீட்டர்கூட ஏறவில்லை. அவள் அண்ணனைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"அண்ணா, அந்த வண்டிய மறந்துருங்க. ஒரு லாரி வாடகைக்குப் புடிச்சு சீரக் கொண்டாந்து எறக்குங்க. நான் முன்னாடியே பொம்பளைங்களோட மண்டபத்துக்குப் போயிருவேன். தாலி கட்டி நான் அவங்கூட்டுக்கு வர்றப்ப வாசல்ல சீரு இல்லைன்னா, எம் பொழப்பு அன்னைக்கே நாறிப்போயிரும். ஒரே ஒரு காரியம். செய்வீங்களா?"

தேவணன் அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். அவளுக்குப் பாதி உயிர் அப்போதே போய்விட்டது.

கல்யாணத்தன்று லாரி வந்து நின்றது. அதுவரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது. கட்டிலைத் தூக்கப் போகும்போது பொங்கியண்ணன் நின்றுவிட்டான்.

"ஊரே கல்யாணத்துக்குப் போயிருச்சு. பச்ச ஒடம்புக்காரியத் தனியா உட்டுட்டா போறது?"

விட முடியாதுதான். கூட ஓட்டிக்கொண்டு போகலாம் என்றால், குழாய் பதிக்கிறேன் என்று வழி நெடுகத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். குலுக்கக்கூடாது. மூவரும் லாரியைப் பார்த்தார்கள். லாரி பெரியதாகத்தான் இருந்தது.

"பஸ்ஸுல எப்படி?" என்றார் நாச்சிமுத்து. "புள்ள பெத்தவ நின்னா மொதல்ல அவளுக்குத்தான எடம் உடுறோம்? கட்டிலும் பீரோவும் மொரண்டா புடிக்கப்போவுது?"

மண்மேட்டில் லாரியைச் சேர்த்து நிறுத்தி, பலகை போட்டு, பிக்கப்பை உள்ளே தள்ளி ஏற்றினார்கள். அதற்குப் பிறகு லாரியில் ஒரு சொம்பு வைக்கக்கூட இடமில்லை.

லாரி டிரைவர் கரூர்க்காரர், நிதானமானவர். "ஏங்க, அந்தப் பிக்கப்போட பின்னாடி சும்மாத்தான இருக்குது? சீரை அதுக்குள்ள ஏத்தி அடுக்குங்க. அருமையாப் போகும்" என்றார்.

மூவரும் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பெற்ற தாயை ஏசினாலும் அப்படிப் பார்க்க மாட்டார்கள்.

"அதுல பாரம் ஏத்தக்கூடாதுங்க" என்றார் நாச்சிமுத்து. "ஒரு லட்சம் நீங்க குடுப்பீங்களா?"

கட்டில், பீரோ, கிரைண்டர், பித்தளை எல்லாம் வீட்டிலேயே இருந்தன. லாரி கிளம்பியது.

சாமியாத்தாள் வீட்டு வாசலில் அவர்கள் போய்ச் சேரவும், தாலி கட்டி முடித்து மாப்பிள்ளையும் பெண்ணும் மண்டபத்திலிருந்து வரவும் சரியாக இருந்தது. கோகிலா லாரியைப் பார்த்தாள். லாரியின் மேலே, கண்ணாடி இரண்டிலும் துண்டு கட்டிக்கொண்டு, வேப்பிலை செருகிக்கொண்டு நிற்கும் பிக்கப்பைப் பார்த்தாள். கட்டில் இல்லை. பீரோ இல்லை. கழுத்தில் கட்டிய தாலி ஈரம்கூடக் காயவில்லை, அதற்குள் எல்லாம் முடிந்தது என்று அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சாமியாத்தாள் வாயைப் பிளந்தாள்.

"அடியாத்தீ! சீரா வண்டியே குடுத்துட்டாங்களா?" என்று கூவினாள். "ஏ, ஆரத்தி கரைங்கடி! பாருங்க, வேப்பலையெல்லாம் கட்டித் திருஷ்டி படாமக் கொண்டாந்திருக்காங்க. மேல்வீட்டுக்காரி மருமக ஒரு ஸ்கூட்டரு கொண்டாந்துபோட்டு என்ன ஆட்டம் ஆடுனா!"

தேவணன், "இல்லீங்க, இது வந்து..." என்று ஆரம்பித்தான். கோகிலா அவன் கால் விரலை மிதித்தாள். பலமாகவே மிதித்தாள்.

"ஆமாங்கத்தை" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எங்கண்ணனுங்க மூணு பேருஞ் சேந்து குடுத்தது."

களத்து மேட்டில் லாரியைச் சேர்த்துப் பிக்கப்பை இறக்கினார்கள். சீர் முன்னால் இறங்கியது, பெண் பின்னால் படி ஏறினாள். மூன்று பேரும் கொஞ்ச நேரம் கூடிப் பேசினார்கள். பச்சை உடம்போடு எத்தனை நாள் பிறந்த வீட்டிலேயே வைத்திருப்பது, புகுந்த வீட்டுக்கு அனுப்பித்தானே ஆக வேண்டும் என்று நாச்சிமுத்து சமாதானம் சொன்னார். பொங்கியண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பினான். பெண்ணைப் பிரிந்த துக்கம் என்று மாப்பிள்ளை வீட்டார் அவனுக்கு ஆறுதல் சொன்னார்கள்.

ஆடி பிறந்தது. புதுப்பெண்ணை அழைத்துவர மூவரும் பழம், பூவோடு சாமியாத்தாள் வீட்டுக்குப் போனார்கள். வண்டி வாசலிலேயே நின்றது. போகிற வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காகவே சாமியாத்தாள் அதை நகர்த்தவில்லை.

"இந்நேரம் ரோட்டுப் பள்ளமெல்லாம் மூடிட்டாங்க. நம்ம வண்டியிலயே கூட்டிட்டுப் போங்க. ஊரு பாக்கட்டும்" என்று பெருமையாகச் சாவியை எடுத்து நாச்சிமுத்துவிடம் கொடுத்தாள்.

கோகிலா பையோடு வந்து முன்பக்கக் கதவைத் திறந்தாள். தேவணன் ஓடிவந்து தடுத்தான்.

"அம்மிணி, ஏறாத! ஆயிரம் கிலோமீட்டர் இன்னும் ஆவல. நீ பாரம்."

கோகிலா அவனைப் பார்த்தாள். மற்ற இருவரையும் பார்த்தாள். பிறகு நாச்சிமுத்துவின் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டு, சுற்றி வந்து டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். லைசென்ஸ் அவளிடமும் இருந்தது.

"இப்பச் சொல்லுங்க. டிரைவரு பாரமா?"

மூவரும் விலகி நின்று வெகுநேரம் ஆலோசித்தார்கள். டிரைவர் இல்லாமல் வண்டி ஓடாது. ஆகவே டிரைவர் வண்டியின் உறுப்பு, பாரத்தில் சேராது என்று நாச்சிமுத்து தீர்ப்புச் சொன்னார். அப்படியானால் பாரம் யார் என்று பொங்கியண்ணன் கேட்டான். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கோகிலா வண்டியைக் கிளப்பினாள். மூவரும் பின்னால் நடந்தார்கள். மொடக்காம்பதி அங்கிருந்து இருபது கிலோமீட்டர். ஆடிக்காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்தது. வண்டி எப்போதோ கண்ணுக்கு மறைந்துவிட்டது. பாதி வழியில் ஒரு டவுன் பஸ் அவர்கள் பக்கத்தில் வந்து நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, காலி சீட்டு இருக்கிறது, ஏறிக்கொள்ளுங்கள் என்றார்.

"வேண்டாமுங்க" என்றார் நாச்சிமுத்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. "நாங்க சொந்த வண்டியிலதான் போயிட்டிருக்கறோம்."