வண்டியில் ஏறாத உரிமை

முன்னொரு காலத்தில், வரைபடம் வரைகிறவர்கள் கை ஓய்ந்து நிறுத்திவிட்ட ஓர் ஓரத்தில், ஒரு நாடு இருந்தது. அதன் பெயரைக் கேட்காதீர்கள். அந்த நாட்டு அரசன் விசித்திரகீர்த்தி அதை ‘நம்முடையது’ என்று மட்டுமே சொல்லி வந்ததால், பெயர் யாருக்கும் தேவைப்படாமலே போய்விட்டது. மழை பெய்தால் ‘நம் மழை’ என்பான். பஞ்சம் வந்தால் மட்டும் அது யாருடையது என்று சொல்லமாட்டான்.

அவனுடைய சபையில் சாத்தப்பன் என்று ஒரு விகடன் இருந்தான். ஒல்லியான உடம்பு, விரிந்த காது. மணி தொங்கும் சிவப்புக் குல்லாய் ஒன்றையும், சிம்மாசனத்துக்குப் பக்கத்திலேயே ஓர் ஆசனத்தையும், சபையில் எதையும் பேசலாம் என்ற சலுகையையும் அரசன் அவனுக்குக் கொடுத்திருந்தான். பேரமைச்சர் திரியம்பகருக்கோ அந்த ஆசனத்தைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். அவருடைய இருக்கை அதைவிட ஒரு முழம் தள்ளி இருந்தது.

ஒரு நாள் சபை கூடியிருந்தபோது, கோட்டை வாசலுக்கு வெளியிலிருந்து ஒரு பெண்ணின் குரல் உள்ளே வந்து விழுந்தது.

“ஒரு மனுசன் ஏன்னு கேக்கறதுக்குக்கூட உரிமை இல்லையாய்யா இந்த ஊர்ல?”

உப்பு விற்கும் சடைச்சியின் குரல் அது. முந்தின நாள் அவள் கணவன் கொம்பையன் கழுதைகளின் மேல் உப்பு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஏரிக்கரை வழியே வந்தான். எதிரே பேரமைச்சரின் பல்லக்கு வந்தது. வழி போதவில்லை. அமைச்சரின் ஆட்கள் மூட்டைகளைத் தூக்கி ஏரியில் எறிந்தார்கள். கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒரு வருஷத்து உழைப்பு கரைந்துவிட்டது. கொம்பையன் கத்தவில்லை, கல்லெடுக்கவில்லை. பல்லக்கின் திரையைப் பார்த்து, “ஏன்?” என்று ஒரு வார்த்தைதான் கேட்டான். இப்போது சிறையில் கிடக்கிறான். மறுநாள் உச்சிவேளையில் அவன் நாக்கை அறுக்க வேண்டும் என்பது திரியம்பகரின் தீர்ப்பு.

அரசனுக்கு அந்த நாக்கைப் பற்றிப் பெரிய கவலை எதுவும் உண்டாகவில்லை. வந்து விழுந்த சொல்தான் அவன் மனத்தில் முள்ளாக மாட்டிக்கொண்டது.

“உரிமை, உரிமை என்கிறாளே. அமைச்சரே, குடிகளுக்கு அது எங்கிருந்து வருகிறது?”

“தங்களிடமிருந்துதான், அரசே,” என்றார் திரியம்பகர். “தாங்கள் முத்திரையிட்டுக் கொடுத்தால் அது உரிமை. கொடுக்காவிட்டால் வெறும் சத்தம்.”

சபை தலையாட்டியது. அதற்காகத்தானே அவர்களுக்கு மானியம்!

சாத்தப்பனின் குல்லாய் மணிகள் கிணுகிணுத்தன. அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

“எதற்குச் சிரிக்கிறாய்?”

“ஒன்றுமில்லை, அரசே. நம் பட்டத்து யானைக்குத் தும்பிக்கை வழங்கிய செப்பேடு எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று யோசித்தேன்.”

“மூடனே, யானை தும்பிக்கையோடுதான் பிறக்கும்.”

“வெளியே நிற்கும் பெண்ணும் அதையேதான் சொல்கிறாள், அரசே. கொஞ்சம் சத்தமாகச் சொல்கிறாள்.”

அரசன் குழம்பிப்போய் மீசையைத் தடவினான். திரியம்பகர் எழுந்தார். நெடுநாளாகக் காத்திருந்த நேரம் வந்துவிட்டது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

“சோதித்துவிடலாமே, அரசே! தாங்கள் கொடுத்த உரிமைகளையெல்லாம் நாளை ஒரு நாள் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். சாத்தப்பனே வீதி வீதியாகப் போய் வாங்கி வரட்டும். அதற்குப் பிறகும் யாரிடமாவது ஓர் உரிமை மிச்சமிருந்தால், அது பிறவியிலேயே வந்தது என்று ஒப்புக்கொண்டு உப்புக்காரனை விட்டுவிடலாம். ஒன்றும் மிஞ்சாவிட்டால் அவன் நாக்கோடு, யானைக் கதை பேசிய இந்த நாக்கும் போகட்டும்.”

ஊர் மக்களே விகடனைக் கல்லால் அடித்துத் துரத்திவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. அரசனுக்கோ புது விளையாட்டுப் பொம்மை கிடைத்த மகிழ்ச்சி. அவன் கையை உயர்த்தி ஆணையிட்டான்:

“நாம் கொடுத்த உரிமை எதுவும் நாளை உச்சிவேளையில் இந்நாட்டில் எவரிடமும் இருக்கக் கூடாது!”

சாத்தப்பன் வணங்கினான். வாய்க்குள் நாக்கு பத்திரமாக இருக்கிறதா என்று பற்களின் பின்பக்கம் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டான். அது இவ்வளவு சின்னது என்பதே அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அன்று மாலை ஒரு பெரிய மாட்டுவண்டியை ஓட்டிக்கொண்டு உப்புக்காரர் தெருவுக்குப் போனான். செய்தி அவனுக்கு முன்பே போயிருந்தது. ஆட்கள் வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். சடைச்சி இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

“என்ன அண்ணே, அள்ளிக்கிட்டுப் போக வந்தீகளா? இங்க என்ன கெடக்குன்னு வண்டி கட்டிக்கிட்டு வந்தீக?”

“ராசா குடுத்தது ஏதாச்சும் இருந்தா வண்டியில போடுங்க தாயி. குடுக்காததை நான் தொடமாட்டேன்.”

கூட்டத்தில் ஒருவன் சட்டென்று திரும்பித் தன் முதுகைக் காட்டினான். “இந்தாங்க, ராசாவோட ஆளுங்க குடுத்தது. சவுக்கடி. வலிக்காம உரிச்சு எடுத்துக்கிட்டுப் போங்க!”

தெருவே சிரித்தது.

“வரி இருக்கே, அதையும் ஏத்து,” என்றான் இன்னொருவன்.

“அட மக்கு, அது நாம அவருக்குக் குடுக்கறதுடா!”

“அப்ப மூச்சு விடறோமே, அது?”

“அது உங்கம்மா குடுத்தது. போய் அவகிட்ட கேளு.”

எல்லோரும் யோசித்து யோசித்துப் பார்த்தார்கள். அரசன் கொடுத்ததாக ஒரு துரும்புகூட அகப்படவில்லை. சாத்தப்பன் காலி வண்டியைத் திரும்பிப் பார்த்தான். எந்தத் தெருவுக்குப் போனால் இந்த வண்டி நிறையும் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

வண்டி கிளம்பும்போது சடைச்சி சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். இப்போது அவள் குரலில் கேலி இல்லை.

“அண்ணே, அவரு நாக்கு தப்புமா?”

“எனக்கே தெரியலை தாயி. நாளைக்கு உச்சியில நீ கோட்டை வாசலுக்கு வந்து, இன்னைக்குக் கத்துன மாதிரியே கத்தணும்.”

“அத நீங்க சொல்லணுமாக்கும்!”

மறுநாள் விடிந்ததும் சாத்தப்பன் முதலில் தன் சிவப்புக் குல்லாயைக் கழற்றி வண்டியில் போட்டான். பிறகு நேராகப் பேரமைச்சரின் மாளிகைக்குப் போனான்.

“ஐயா, இந்தப் பல்லக்கில் ஏறும் உரிமையைத் தங்களுக்குக் கொடுத்தது யார்?”

“அரசர்தான். ஊருக்கே தெரியுமே!” என்றார் திரியம்பகர் பெருமையாக.

“ரொம்ப நல்லது. ஏற்றுங்கப்பா!”

திரியம்பகருக்கு விஷயம் உறைப்பதற்குள் பல்லக்கு வண்டிக்குப் போய்விட்டது. அதன் பின்னால் வெண்குடை போனது. ராஜவீதியில் செருப்பணிந்து நடக்கும் உரிமை போனது. அதாவது செருப்பு போனது. பேரமைச்சர் என்ற பட்டம் பொறித்த பொன்பட்டம் நெற்றியிலிருந்து போனது. மாடி வைத்துக் கட்டும் உரிமையும் அரசன் கொடுத்ததுதான் என்பதால், மாடியில் குளித்துக்கொண்டிருந்த அவருடைய மைத்துனரை ஈரத் துண்டோடு கீழே இறக்க வேண்டியதாயிற்று.

“அடேய்! இது குடிகளுக்கான ஆணை!”

“‘எவரிடமும்’ என்றுதானே அரசர் சொன்னார்? தங்களை விட்டுவிட்டால், தங்களுக்கு அரசர் எதுவுமே கொடுத்ததில்லை என்று ஊர் பேசுமே. அந்த அவமானம் தங்களுக்கு வரலாமா? சபையில் வாய் திறக்கும் உரிமையும் அவர் கொடுத்ததுதான் ஐயா. அதை வண்டியில் ஏற்ற முடியாது. உச்சிவேளை முதல் தாங்களே உள்ளே வைத்துப் பூட்டிக்கொள்ளுங்கள்.”

அந்த வீதி முழுவதும் இதே கதைதான். வண்டி நிறைந்தது. இன்னொரு வண்டி பிடித்தான். காவலர்களின் ஈட்டிகளும் நாக்கறுக்கும் சேவகனின் கத்தியும் ஏறின. கடைசியாகச் சிறைச்சாலைக்குப் போய்ச் சாவிக்கொத்தை வாங்கினான். உள்ளேயிருந்து கொம்பையன் கம்பியைத் தட்டினான்.

“யோவ், பூட்டுற உரிமைய எடுத்துக்கிட்டா சரி. சாவியும் போயிருச்சுன்னா கதவ யாருய்யா தொறக்கறது?”

சாத்தப்பன் சாவிக்கொத்தை வண்டியில் போட்டுக்கொண்டு கிளம்பினான். அந்தக் கேள்வி வழி நெடுக அவன் கூடவே வந்தது.

உச்சிவேளை. அரசன் கொலுமண்டபத்துக்குள் நுழைந்தான். கட்டியம் கூற ஆளில்லை. கவரி வீச ஆளில்லை. ராஜவீதியின் சுடுமணலில் வெறுங்காலோடு நடந்து வந்த பிரபுக்கள் ஒரு காலைத் தூக்கி மறு காலின் மேல் தேய்த்துக்கொண்டு நின்றார்கள்.

“ஏன் எல்லோரும் கொக்குகளைப் போல நிற்கிறீர்கள்?”

யாரும் பேசவில்லை.

“அமைச்சரே!”

திரியம்பகர் வாயைத் திறந்தார். சாத்தப்பன் முற்றத்தில் நின்ற வண்டிகளைக் கண்ணால் காட்டினான். வாய் மூடிக்கொண்டது. கரையில் போட்ட கெண்டை மீனைப் போல அது மறுபடி திறந்தது, மறுபடி மூடியது.

“சாத்தப்பா, நீயாவது சொல்!”

சாத்தப்பன் வெறும் தலையைத் தொட்டுக் காட்டினான். பிறகு வாயின் மேல் விரலை வைத்தான்.

அரசன் கத்தினான், மிரட்டினான், குடிக்கத் தண்ணீர் கேட்டான். தன் குரல் தூண்களில் மோதித் தன்னிடமே திரும்பி வந்தபோது, கப்பல் உடைந்து ஆளில்லாத தீவில் ஒதுங்கியவனைப் போல அவனுக்குப் பயமாக இருந்தது. இவ்வளவு பெரிய சபையில் தனக்குப் பதில் சொல்ல ஓர் உயிர் இல்லையா?

அப்போது கோட்டை வாசலிலிருந்து வந்தது அந்தக் குரல்.

“உப்பைக் கொட்டுனாங்க, ஏன்னு கேட்டதுக்குப் புருசனப் புடிச்சாங்க! கேக்க நாதி இல்லையா?”

அரசன் ஏறக்குறைய ஓடினான். குடை பிடிக்க ஆளில்லாமல் வெயில் அவன் தலையில் நேராக இறங்கியது. வாசலுக்கு அந்தப் பக்கம் சடைச்சி நின்றாள்.

“நீ எப்படிப் பேசுகிறாய்? உனக்கு யார் உரிமை கொடுத்தது?”

“யாரும் குடுக்கலை சாமி. நான் பொறந்து விழறப்பவே கத்திக்கிட்டுதான் விழுந்தேன். கத்தலைன்னா, செத்துப் பொறந்ததுன்னு குழி தோண்டியிருப்பாங்க.”

“உள்ளே வந்து பேசு.”

“வாசல் உங்களுது சாமி. நீங்க விட்டாத்தான் உள்ள வரலாம். வாய் என்னுது.”

அரசன் அவளை உற்றுப் பார்த்தான். “தைரியம்தான். ஈட்டிகளெல்லாம் வண்டியில் கிடப்பதால் பேசுகிறாய்.”

“நேத்து ஈட்டி இருந்துச்சே சாமி. நேத்தும் இதைத்தானே கேட்டேன்?”

வியர்வை அரசனின் மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. பின்னால் திரும்பிப் பார்த்தான்: முற்றத்து வண்டிகளில் தான் கொடுத்ததெல்லாம் குவிந்து கிடந்தது, கொடுத்ததைப் பறிகொடுத்தவர்கள் ஊமைகளாக நின்றார்கள். எதையும் வாங்காதவள் மட்டும் பேசிக்கொண்டிருந்தாள். அவன் வயிற்றில் ஏதோ குலுங்கியது. அது மேலே ஏறி, மீசையை அசைத்து, பெரும் சிரிப்பாக வெடித்தது.

“சாத்தப்பா! பேசடா, எல்லோருக்கும் பேச அனுமதி! நீ வென்றாய். உப்புக்காரன் நாக்கு பிழைத்தது.”

“பிழைத்துவிட்டது, அரசே. ஆனால் நாக்கு இருக்கும் ஆள் இன்னும் பூட்டுக்குள் இருக்கிறான்,” என்று சாத்தப்பன் வண்டியிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து நீட்டினான். “உரிமை அவனுக்குப் பிறவியிலேயே வந்ததுதான். பூட்டு இங்கே செய்தது. அது தங்கள் சாவிக்குத்தான் திறக்கும்.”

கொம்பையன் விடுதலையானான். கரைந்த உப்புக்கு ஈடாகப் பேரமைச்சரின் களஞ்சியத்திலிருந்து உப்பு மூட்டைகள் வந்தன. அவற்றைச் சுமந்து போனது அவருடைய பல்லக்கு. அவர் வெறுங்காலோடு பின்னால் நடந்தார்.

அரசனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. எழுத்தரை அழைத்தான். “செப்பேட்டில் பொறியுங்கள்! ஏன் என்று கேட்கும் பிறவி உரிமையை எம் குடிகள் அனைவருக்கும் இன்று முதல் நாம் வழங்குகிறோம்!”

“குடுக்கறாராம்ல!” என்று சடைச்சி கணவனின் காதில் சொன்னாள். அது முற்றம் முழுவதும் கேட்டது.

சாத்தப்பன் தொண்டையைச் செருமினான். “எழுதத்தான் வேண்டும், அரசே. காவலாளிக்குப் பிறவி தெரியாது, முத்திரைதான் தெரியும். ஆனால் ‘வழங்குகிறோம்’ என்று மட்டும் போடாதீர்கள். வழங்கியது என்று தெரிந்தால், நாளை வேறோர் அமைச்சர் வண்டி கட்டிக்கொண்டு அதையும் வாங்கி வரக் கிளம்பிவிடுவார்.”

“பிறகு என்ன எழுதுவது?”

“‘தொடமாட்டோம்’ என்று எழுதுங்கள்.”

அரசன் திரியம்பகரின் கொப்புளித்த பாதங்களைப் பார்த்தான். மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வர, அப்படியே எழுதச் சொன்னான். பிறகு தன் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிச் சாத்தப்பனுக்குப் போட்டான். சபை, பேச அனுமதி கிடைத்த மகிழ்ச்சியில், வாழ்த்தி ஆர்ப்பரித்தது.

வாசலைத் தாண்டும்போது சடைச்சி அந்த மாலையை விரலால் தூக்கிப் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கு அண்ணே. பத்திரமா வச்சுக்கோங்க. குடுத்ததுதானே.”