வாற்கோதுமை பேச்சை நிறுத்திய ஆண்டு

செடிகொடிகளும் மனிதர்களும் ஒரே மொழி பேசிய அந்தக் காலத்தில், யோர்தான் ஆற்றுக்கு மேற்கே ஒரு மலைச்சரிவில் ஓர் ஊர் இருந்தது. ஊரார் வாற்கோதுமை பயிரிட்டார்கள். குளிர்கால மழையில் முளைத்து, மற்றத் தானியங்களுக்கெல்லாம் முன்னால் முற்றும் பயிர் அது. அது முற்றும் மாதம்தான் அவர்களுக்கு ஆண்டின் முதல் மாதம். அந்த மாதத்துத் திருவிழாவில் முதல் கதிர்க்கட்டைக் கடவுளுக்குப் படைப்பார்கள். படைக்கும் வரை புதுத் தானியத்தில் ஒரு மணியைக்கூட யாரும் வாயில் போடமாட்டார்கள்.

மாதத்தை ஊருக்கு அறிவிப்பவர் பெனாயா. மேற்கு வானத்தில் இளம்பிறை தெரிந்ததும் ஆட்டுக்கொம்பை எடுத்து ஊதுவார். பன்னிரண்டாம் மாதம் முடியும் தறுவாயில் வயலுக்குப் போய், முற்றியாயிற்றா என்று பயிரிடம் கேட்டு வருவதும் அவர் வேலைதான். கேட்பவரிடம் மட்டுமே வாற்கோதுமை பேசும். ஆம் என்றால் அடுத்த பிறையோடு புத்தாண்டு. இல்லை என்றால் பதின்மூன்றாவதாக ஒரு மாதத்தைச் சேர்த்துக்கொண்டு ஊர் காத்திருக்கும். பயிர் பொய் சொன்னதில்லை. பெனாயாவும் சொன்னதில்லை.

ஓர் ஆண்டு மழை பிந்திப் பெய்தது. விதைப்பும் பிந்தியது. பழைய தானியமோ அதற்குள் தீர்ந்துகொண்டிருந்தது. பெனாயாவின் மனைவி மில்காள் மாவோடு தவிட்டைக் கலந்து அப்பம் சுட்டாள். பக்கத்து வீட்டு ரிஸ்பாள் அந்தக் குளிர்காலத்தில்தான் கணவனை இழந்திருந்தாள். சரியான சாப்பாடு இல்லாமல் அவளுக்குத் தாய்ப்பால் வற்றிவிட்டது. கைக்குழந்தை முதலில் வீறிட்டு அழுதது, பிறகு முனகியது, பிறகு முனகலும் குறைந்துவிட்டது. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த பெனாயாவுக்கு, அழுகையைவிட அந்த அமைதிதான் தாங்க முடியாததாக இருந்தது.

பன்னிரண்டாம் மாதக் கடைசியில் அவர் வயலுக்குப் போனார். கதிர்கள் பச்சையாக, நிமிர்ந்து நின்றன.

“முற்றிவிட்டாயா?” என்று கேட்டார்.

“இப்போதுதான் பால் பிடித்திருக்கிறது, பெனாயா. மணி இறுக இன்னும் ஒரு மாதம் ஆகும். பொறுத்துக்கொள்ளுங்கள்” என்றது வாற்கோதுமை.

அவர் ஊருக்குத் திரும்பினார். ஊர்வாசலில் எல்லாரும் கூடி நின்றார்கள். ரிஸ்பாள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு முன்னால் நின்றாள். மெலிந்து துவண்டிருந்த அந்தக் குழந்தையின் கழுத்தைப் பார்த்ததும், சொல்ல வந்ததைப் பெனாயா மாற்றிக்கொண்டார்.

“முற்றிவிட்டதாம்” என்றார்.

பிறை தெரிந்தது. கொம்பு முழங்கியது. ஊரார் அரிவாளோடு வயலில் இறங்கினார்கள். கதிர் பச்சையாக இருந்தது எல்லார் கண்ணுக்கும் தெரியத்தான் செய்தது. ஆனால் பயிரே சொன்ன பிறகு சந்தேகப்பட என்ன இருக்கிறது என்று நினைத்தார்கள். பசியும் சேர்ந்து அப்படித்தான் நினைக்கச் சொன்னது. முதல் கட்டைப் படைத்துவிட்டு, மளமளவென்று அறுத்துத் தள்ளினார்கள். பயிரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மில்காள் மட்டும் அறுப்பதற்குக் கதிரைக் கைக்குள் பிடித்தபோது தயங்கினாள். விரலில் பால் ஒட்டியது. குனிந்து மெதுவாக, “உண்மையிலேயே முற்றிவிட்டாயா?” என்று கேட்டாள்.

“இல்லை என்று உன் கணவரிடம் சொன்னேனே” என்றது அது.

அவள் அரிவாளைக் கீழே போட்டாள். வயலின் நடுவே நடந்து போய், எல்லாரும் கேட்கும்படியே கணவரிடம் கேட்டாள்: “அது உங்களிடம் என்ன சொன்னது?”

பெனாயா மறைக்கவில்லை. பயிர் சொன்னதையும், தான் மாற்றிச் சொன்னதையும், ஏன் மாற்றினேன் என்பதையும் அங்கேயே சொல்லிவிட்டார். யாரும் அவரை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. வயலில் முக்கால் பங்கு தரையில் கிடந்தது. அதை நெருப்பில் வாட்டிப் பார்த்தார்கள். மணிகள் சுருங்கி, தண்ணீர் விட்டு, வெறும் உமியாயின.

வீணாகக் கிடந்த பச்சைக் கதிரை ஆடுகளுக்குப் போட்டார்கள். தீனி கண்ட ஆடுகள் பால் கறந்தன. முதல் பாலை மில்காள் ரிஸ்பாளின் வீட்டுக்குக் கொண்டுபோனாள். அந்தப் பாலையும் காட்டுக்கீரையையும் வைத்து ஊர் உயிர் தாங்கியது. குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆனால் அடுத்து வந்த ஆண்டுகளில் விதைக்கு அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

அறுத்த அன்று மாலையே பெனாயா, மீந்து நின்ற பயிரிடம் போய் மன்னிப்புக் கேட்டார்.

“எனக்குக் கோபமில்லை” என்றது வாற்கோதுமை. “நீங்கள் இரக்கப்பட்டுத்தான் சொன்னீர்கள். ஆனால் என் சொல் உங்கள் வாயில் வேறாகிவிட்டது. நாளைக்கு இன்னொருவர் வேறொரு காரணத்துக்காக மாற்றுவார். அதனால் இனி நான் பேசப்போவதில்லை. தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் பலராக வந்து பாருங்கள். கையால் தொடுங்கள், நெருப்பில் வாட்டுங்கள். நான் முற்றியிருந்தால் மறைக்கமாட்டேன்.”

அவர் எத்தனையோ முறை கெஞ்சிக் கேட்டார். காற்றில் கதிர்கள் உரசும் சத்தம் மட்டும் வந்தது.

அவசரப்பட்டுத் தொடங்கிய மாதத்தைப் பதின்மூன்றாவதாக எண்ணிக்கொண்டு, அது முடியும் தறுவாயில் ஊரார் சேர்ந்து வயலுக்குப் போனார்கள். கதிர்கள் வெளுத்துத் தலைசாய்ந்திருந்தன. ரிஸ்பாள் ஒரு கதிரைக் கிள்ளி நெருப்பில் காட்டினாள். மணி சுருங்காமல் நின்றது. அவள் ஒன்றைப் பெனாயாவிடம் கொடுத்து, பார்க்கச் சொன்னாள். அவர் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். கொம்பை ஊதத் தனக்குத் தகுதியில்லை என்றார். “நாங்களும்தான் பார்த்துவிட்டோமே, ஊதுங்கள்” என்றாள் அவள்.

அந்த ஆண்டிலிருந்துதான் வாற்கோதுமை வாய் திறப்பதில்லை. பழைய மாதக் கணக்கை விடாதவர்கள் இன்றும் பன்னிரண்டாம் மாதக் கடைசியில் இஸ்ரேலின் வயல்களுக்குப் பலராகச் சேர்ந்து போய், கதிரைத் தொட்டும் நெருப்பில் வாட்டியும் பார்க்கிறார்கள். பச்சையாக இருந்தால், புத்தாண்டே ஒரு மாதம் காத்திருக்கிறது.