கரைக்கு மண்

ஏரியை நம்பி வாழ்ந்த ஒரு காட்டில், குழந்தைகளே, ஒரு வழக்கம் இருந்தது. மழைக்காலத்துக்கு முன்னால் வீட்டுக்கு ஒருவர் மண் சுமந்து வந்து ஏரிக்கரையில் கொட்டி மிதிக்க வேண்டும். கரைக்குக் கீழே வளை தோண்டியிருந்த முள்ளம்பன்றி எப்போதும் முதல் ஆளாக வரும். அதன் மூன்று குட்டிகளும் அந்த வளையில்தான் இருந்தன.

அந்தக் காட்டுக்குக் கரடி ராஜா. விழா என்றால் அதற்கு உயிர். குரங்கு மந்திரி, வாய்தான் அதன் முதலீடு.

ஒரு நாள் குரங்கு பறையறைந்தது.

"இனி யாரும் மண் சுமக்க வேண்டாம்! அரசே ஆட்டக்கூடம் திறக்கிறது. மூன்று சிரட்டை, ஒன்றின் கீழே ஒரு நெல்லிக்காய். எதில் என்று சரியாகச் சொன்னால் வைத்த கிழங்குக்கு இரண்டு கிழங்கு. தவறினால் வைத்தது அரசுக்கு. அதையே கூலியாகக் கொடுத்து யானைகளை வைத்துக் கரையைக் கட்டுவோம்!"

"சூதை ஒழிப்பேன் என்று சொல்லித்தானே ராஜா பட்டத்துக்கு வந்தார்?" என்றது முள்ளம்பன்றி.

"அது புதருக்குள் நடந்த சூது, அக்கா. இது ஏரிக்காக நடக்கும் சூது."

கூடம் திறந்ததும் முயல் அங்கேயே குடியிருந்தது. "தோற்றாலும் கரைக்குத்தானே போகிறது!" என்று பெருமை வேறு. எல்லோரும் மண் சுமப்பதை நிறுத்தினார்கள். முள்ளம்பன்றியும் நிறுத்தியது. நல்ல காரியம்தானே என்று இரண்டு கிழங்கு வைத்துத் தோற்கவும் செய்தது.

ஐப்பசி நெருங்கியது. கரைப் பக்கம் ஒரு யானையும் வரவில்லை. முள்ளம்பன்றி ராஜாவிடம் போனது.

"கிழங்கெல்லாம் எங்கே?"

குரங்கு முந்திக்கொண்டது. "கூடத்துக்குக் காவலாகச் செந்நாய்கள். வாசலில் ராஜாவுக்குச் சிலை. திறப்பு விழாவுக்குப் பந்தல். அப்புறம், 'சூதாடினால் குடும்பம் கெடும்' என்று எழுதிய இருபது பலகைகள்."

"அதைச் சூதாடும் இடத்திலா வைத்தீர்கள்?"

"வாசலிலேயே வைத்தோம். எங்களுக்கும் பொறுப்பு இருக்கிறதல்லவா?"

"கரை என்ன ஆயிற்று?"

கரடி கொட்டாவி விட்டது. "அடுத்த ஆண்டு பார்க்கலாம். முதலில் கூடத்தின் மேடையை உயர்த்த வேண்டும். மழையில் ஆட்டம் நின்றுபோனால் கரைக்கு வருமானம் எங்கிருந்து வரும்?"

மறுநாள் யானைகள் வந்தன. முள்ளம்பன்றி மகிழ்ச்சியோடு ஓடியது. ஆனால் யானைகள் மண்ணைக் கொட்டவில்லை. கரையைத் தோண்டி மண்ணை எடுத்தன.

"ஐயையோ, என்ன செய்கிறீர்கள்?"

"மேடைக்கு மண் வேண்டுமாம், தாயி. மிதித்து இறுகிய நல்ல மண் இங்கேதான் இருக்கிறது. எங்களுக்கு உத்தரவு."

முள்ளம்பன்றி முயலிடம் ஓடியது. "தம்பி, உன் வளையும் கரைக்குக் கீழேதான். வா, ஆளுக்குக் கொஞ்சம் மண் போடுவோம்."

"ஒரே ஓர் ஆட்டம், அக்கா. இந்தத் தடவை நடுச் சிரட்டைதான், கண்ணால் பார்த்தேன்."

முள்ளம்பன்றி தனியாக மண் சுமந்தது. அது ஒரு பிடி போடுவதற்குள் யானைகள் ஒரு குவியலை எடுத்துப் போயின.

மூன்றாம் நாள் மழை கொட்டியது. தோண்டிய இடத்திலேயே கரை உடைந்தது. வளைக்குள் பாய்ந்த வெள்ளத்தில் முள்ளம்பன்றியால் இரண்டு குட்டிகளைத்தான் இழுத்து மேலே சேர்க்க முடிந்தது.

உயர்ந்த மேடையில் நனையாமல் நின்ற கரடி கேட்டது: "கூடத்துக்குள் தண்ணீர் வந்ததா?"

"ஒரு சொட்டுகூட இல்லை, அரசே!"

"பார்த்தாயா? திட்டம் வெற்றி!"

குரங்கு பறையை எடுத்தது. "வெள்ள நிவாரணத்துக்காக இன்று முதல் இரண்டாவது ஆட்டக்கூடம்!"

வளையை இழந்த முயல், ஈரக் காதுகளை உதறிக்கொண்டு, வரிசையில் முதல் ஆளாக நின்றது.

முள்ளம்பன்றி உடைந்த இடத்துக்குப் போய் ஒரு பிடி மண்ணைப் போட்டு மிதித்தது.

நீதி: மக்களின் ஆசையைச் சுரண்டி மக்களைக் காப்பேன் என்கிறவன், கடைசியில் சுரண்டும் இடத்தை மட்டுமே காப்பான்.