பவளத்தின் கழுத்துக்கயிறு

"சாமி, எனக்குக் காவி எப்பக் கொடுப்பீங்க?"

குழந்தைவேலு இதைக் கேட்டபோது சாமி மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தார்.

ஆற்றோரத்து ஆசிரமம். சின்னதுதான். ஒரு பூஜை அறை, ஒரு சமையல்கட்டு, ஒரு கொட்டகை. யார் வந்தாலும் மதியம் சோறு உண்டு.

குழந்தைவேலு சாமியைவிட வயதில் மூத்தவன். பஞ்சு மில்லில் மேஸ்திரியாக இருந்தவன், வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து சேர்ந்தான். மாடுகள் அவன் பொறுப்பு.

"வீட்டில் கேட்டியா?" என்றார் சாமி.

"வீட்ல அம்மா மட்டும்தானுங்களே. சரின்னுட்டாங்க."

"என்ன சொன்னாங்க?"

"எனக்கு ஒரு குறையும் இல்லை கண்ணு, நீ நல்லா இருன்னாங்க. எப்பக் கேட்டாலும் அதேதான் சொல்லுவாங்க."

சாமி சாணிக் கூடையைத் தூக்கி அவன் தலையில் வைத்தார்.

"இதைக் கொட்டிட்டு வா."

கொட்டிவிட்டு வந்தான். சாமி பவளத்தின் பக்கத்தில் நின்றிருந்தார்.

பவளம் செவலை நிறத்து ஜெர்சி. கன்று போட்டு இரண்டு மாதம்தான் ஆகிறது. பூஜை அறையில் வைக்கும் பாலும், பந்திக்கு ஊற்றும் மோரும் அதன் மடியிலிருந்து வருவதுதான்.

"மாட்டு டாக்டரம்மா இதுக்கு ஒரு சத்துக் குருணை கொடுத்தாங்களே. போடுறியா?"

"நிறுத்திட்டேனுங்க சாமி."

"ஏன்?"

"நிறுத்திப் பார்த்தேன். ஒரு டம்ளர் பால்கூடக் குறையலை. அப்புறம் எதுக்குங்க அது? மக்காச்சோள மாவும் தவிடும் வயிறு முட்டத் திங்குது." குழந்தைவேலுவுக்குத் தன் சிக்கனத்தில் பெருமை. "அமினோ அமிலமாம். கடுகாட்டம் மணிமணியா இருக்குது. எங்க பாட்டன் வீட்டு மாடெல்லாம் அமிலம் தின்னுதான் கறந்துச்சா?"

சாமி சிரித்துவிட்டார். "அதுவும் சரிதான்."

பிறகு கேட்டார். "இந்தக் கழுத்துக்கயிறு யார் கட்டினது?"

"நான்தானுங்க. கன்னு போட்ட அன்னைக்குப் புதுசா மாத்தினேன்."

"எப்படிக் கட்டினே?"

"ரெண்டு விரல் போற மாதிரிங்க. இறுக்கவும் கூடாது, தொங்கவும் கூடாது."

"இப்ப விரலை விடு."

விட்டான். இரண்டு விரல் போனது. நான்கு விரலும் போனது. மணிக்கட்டு வரைக்கும் கை போனது.

"கயிறு இளகிப்போச்சுங்க சாமி."

சாமி முடிச்சைக் காட்டினார்.

குழந்தைவேலு முடிச்சைத் திருப்பிப் பார்த்தான். அவன் போட்ட முடிச்சு போட்டபடியே இருந்தது.

பவளம் தலையைத் திருப்பி அவன் முழங்கையை நக்கியது.

அன்றைக்கே கன்றுக்குப் பூச்சி மருந்து கொடுக்க டாக்டரம்மா வந்தார். வந்தவர் பவளத்தின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"குருணை போடுறதில்லையா அண்ணா?"

"பால் குறையலைங்களே."

"உடனே குறையாதுங்க. சோளமும் தவிடும் வயித்தை ரொப்பும். ஆனா பாலுக்கு வேணுங்கிற ஒண்ணு ரெண்டு சத்து அதுல பத்தாது. நாம வெறுஞ்சோறாத் தின்னுட்டுப் பருப்பே தொடாம இருந்தா எப்படி, அந்த மாதிரி. அதுக்குத்தான் மாட்டோட முதல் வயித்துல கரைஞ்சு போகாதபடி பூச்சுப் போட்டு அந்தக் குருணை."

"அது கிடைக்கலைன்னா?"

"தன் சதையைக் கரைச்சுப் பால்ல விடும். பால் குறையாது. மாடு குறையும்."

குழந்தைவேலு பவளத்தின் கழுத்தைத் தடவினான்.

"ஒரு நாள்கூடக் கத்தலீங்களே டாக்டர். நான் போனா எழுந்து நின்னு கறவைக்குக் காலை அகட்டிக் கொடுத்துச்சே."

"அப்படித்தாங்க கொடுக்கும்."

"இனிமே போட்டாத் தேறுமா?"

"தேறும். மெதுவாத் தேறும். நல்லவேளை, இப்பவாவது பார்த்தீங்க."

அன்று சாயங்காலம் குருணையை ஒரு கை மாவில் பிசைந்து அவனே ஊட்டினான். கறந்து முடித்ததும் சாமி வந்து பவளத்தின் காதோரம் குனிந்து ஏதோ சொன்னார். தினமும் நடப்பதுதான். குழந்தைவேலு இதுவரை கேட்டதில்லை.

"தினமும் அது காதுல என்னங்க சாமி சொல்றீங்க?"

"சாப்பிட்டியான்னு கேட்பேன்."

"நான் நன்றி சொல்றீங்கன்னு நினைச்சேன்."

"அதைத்தான் சொல்றேன்."

அமாவாசையன்று குழந்தைவேலுவின் தாய் பாவாயி வந்தாள். எல்லா அமாவாசைக்கும் வருவாள். பஸ்ஸை விட்டு இறங்கி, இடுப்பில் ஒரு துணிப்பையோடு வேப்பமரத்தடிக்கு வந்து உட்காருவாள். பையில் துவரம்பருப்பு இருக்கும். ஆசிரமத்துப் பந்திக்கு அவள் கொடுப்பது.

"ரேஷன் பருப்புதான் கண்ணு. கல்லு, தூசி இல்லாமப் புடைச்சு வெச்சிருக்கேன்."

குழந்தைவேலு வழக்கம்போலப் பையை வாங்கிக்கொண்டு சமையல்கட்டுக்குத் திரும்பினான்.

"இரு கண்ணு. காவி வாங்கப் போறியாமே. அம்மா கையால ஏதாச்சும் கொடுக்க வேண்டாமா?"

பாவாயி கையிலிருந்த வெள்ளிக்காப்பைக் கழற்றினாள்.

"உங்கப்பன் போனப்ப இதைக் கழட்டணும்னு ஊரே கூடிச் சோப்புப் போட்டு இழுத்துச்சு. ஞாபகம் இருக்கா? வரவே இல்லை. கையிலேயே கிடக்கட்டும்னு விட்டுட்டாங்க. இப்பப் பாரு, தானா வருது." அவள் சிரித்தாள். "உனக்குக் கொடுத்துடுன்னு முருகனே சொல்றான். எத்தனை கருணை அவனுக்கு."

குழந்தைவேலு காப்பைக் கையில் வைத்துப் பார்த்தான்.

பிறகு தாயின் கையைப் பிடித்து, அதைத் திரும்பவும் போட்டுவிட்டான். காப்புக்கும் கைக்கும் நடுவே விரலை விட்டான். இரண்டு விரல் போனது. நான்கு விரலும் போனது.

"என்ன கண்ணு பண்றே, கூசுது."

"ஏம்மா, வீட்ல என்ன ஆக்குற?"

"ஒத்தை ஆளுக்கு என்னத்தை ஆக்குறது? கஞ்சி வெச்சுக்குவேன்."

"பருப்பு?"

"நல்லாக் கேட்டே போ. பருப்புதான் இங்கே கொண்டாந்துடறேனே." பாவாயி பூஜை அறைப் பக்கம் கையெடுத்துக் கும்பிட்டாள். "எனக்கு ஒரு குறையும் இல்லை கண்ணு."

குழந்தைவேலு அவள் காலடியில் உட்கார்ந்தான்.

"சாப்பிட்டியாம்மா?"

பாவாயி அவன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அவன் எழுந்து பையோடு சமையல்கட்டுக்குப் போனான். அடுப்பைப் பற்றவைத்தான். பருப்பைக் களைந்து உலையில் போட்டு, மஞ்சள்தூளும் துளி விளக்கெண்ணெயும் சேர்த்தான்.

சாமி வாசலில் வந்து நின்றார். கையில் மடித்த காவி வேட்டி இருந்தது.

"வர்ற பௌர்ணமி நல்ல நாள். கேட்டுட்டே இருந்தியே. வாங்கிக்கிறியா?"

குழந்தைவேலு அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பருப்பு வேகட்டும் சாமி."