கோரைக்குள் ஒரு படகு

“அம்மா, தண்ணிமேல நீங்க உட்கார்ந்திருக்கிற மாதிரி நானும் ஒரு நாளாவது உட்காரணும். அதுக்கு என்ன செய்யணும்?”

கேட்டவர் பரஞ்சோதி. ஊர் ஊராகப் போய் சினிமா பேனர் எழுதிப் பேர் வாங்கியவர். ஓடுகிற பஸ்ஸில் தூங்குபவனைக்கூட எழுப்பித் தலையை வெளியே நீட்ட வைக்கும் கை அவருடையது. ஐம்பது வயதில் அத்தனையையும் விட்டுவிட்டு வந்திருந்தார்.

உலகாயி அவரைவிட இளையவர். வாத்து வேட்டைக்காரி. கோரைக்குள் அவர் உட்கார்ந்தால் தட்டான்பூச்சி தோளில் வந்து உட்காரும் என்று ஏரிக்கரையில் சொல்வார்கள். நானே ஒரு முறை பார்த்திருக்கிறேன், சத்தியமாக அசந்துபோனேன்.

எந்த ஏரி என்று மட்டும் கேட்காதீர்கள். வேட்டைக்குத் தடையில்லாத, கதைகளில் மட்டும் இருக்கிற நாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வனத்துறையோடு எனக்கு எதற்கு வம்பு?

உலகாயி கரையில் கவிழ்ந்து கிடந்த அலுமினியப் படகைக் காட்டினார்.

“இதுக்குப் பெயின்ட் அடிங்கண்ணே.”

வெறும் அலுமினியம் வெயிலில் மின்னும், பறவை தூரத்திலேயே திரும்பிவிடும் என்றார். பருவத்தின் முதல் கிளுவை வாத்துக் கூட்டம் இறங்கும் நாளில் பறவைகள் இந்தப் படகின் பக்கத்தில் வரவேண்டும். வந்தால் பரஞ்சோதி இங்கே தங்கிக் கற்றுக்கொள்ளலாம். வராவிட்டால் மத்தியான பஸ்ஸில் ஊர் திரும்பவேண்டும்.

பெயின்ட் அடிப்பதா? பரஞ்சோதிக்கு உள்ளுக்குள் சிரிப்பு.

உப்புத்தாளால் படகைத் தேய்த்தார். பழைய அழுக்கெல்லாம் போய் அலுமினியம் வெள்ளிக் குடம் போல ஜொலித்தது. அவருக்கே கண் எடுக்க மனம் வரவில்லை. கரையில் இருந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர்கள் போய் வீட்டில் சொல்ல, சாயங்காலம் வரை ஆள் வந்துகொண்டே இருந்தது.

மறுநாள் காலை அடிப்பூச்சாகப் பிரைமர் அடித்தார். அது காய்ந்ததும் நாணல் வரைந்தார், அல்லி வரைந்தார், ஒரு அல்லியிலை மேல் தண்ணீர்த் துளி வரைந்தார். அந்தத் துளியை ஒரு கிழவர் துண்டால் துடைக்கப் போனார். கடைசியில் மூலையில் ‘ஜோதி’ என்று கையெழுத்தும் போட்டார்.

“ரொம்ப அழகா இருக்கு” என்றார் உலகாயி. அது பொய்யில்லை.

படகைத் தண்ணீரில் விட்டார்கள். ஒரு வாரத்தில் ஓரங்களில் பெயின்ட் சுருண்டது. உலகாயி ஒரு அல்லிப்பூவின் விளிம்பில் நகத்தை விட்டு இழுத்தார். பூ முழுதாக உரிந்து வந்தது. அப்பளத்தை எடுத்து நீட்டுவது போல அதை அவரிடம் நீட்டினார்.

பரஞ்சோதிக்கு அழுகை வந்துவிட்டது. நல்ல கம்பெனி பெயின்ட், நல்ல பிரைமர், தேய்த்ததில் ஒரு குறை கிடையாது, நாற்பது அடி உயர பேனருக்குக்கூட இவ்வளவு பாடுபட்டதில்லை என்று புலம்ப ஆரம்பித்தார். நெடுநேரம் புலம்பினார்.

உலகாயி படகைக் கரையேற்றி, ஒருக்களித்துத் துடைத்து, கையகல இடத்தில் உப்புத்தாள் போட்டார். தேய்த்த தூசியைத் துணியால் துடைத்தார். துணியைக் கீழே வைப்பதற்குள் மறு கை பிரைமரைப் பூசிவிட்டது.

அந்தக் கையகல இடம் காய்ந்த பிறகு பரஞ்சோதி நகத்தால் சுரண்டிப் பார்த்தார். கத்தியால் சுரண்டினார். வரவில்லை.

“இதுல என்னம்மா சூட்சுமம்?”

“தேய்ச்சதும் அலுமினியம் தனக்கு ஒரு தோல் போட்டுக்கும். கண்ணுக்குத் தெரியாது. அப்புறம் நீங்க என்ன அடிச்சாலும் அந்தத் தோலைத்தான் பிடிக்கும், அலுமினியத்தைப் பிடிக்காது.”

“எவ்வளவு நேரத்துல போட்டுக்கும்?”

“ஊரைக் கூப்பிட்டுக் காட்டுற நேரத்துல.”

பரஞ்சோதி மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். கையெட்டும் தூரம் தேய்ப்பார், துடைப்பார், உடனே பூசுவார். அப்புறம்தான் அடுத்த இடம். அலுமினியம் ஜொலித்ததை இந்த முறை யாரும் பார்க்கவில்லை. அவரே சரியாகப் பார்க்கவில்லை.

மேலே பூவும் இல்லை, நாணலும் இல்லை. ஏரிச் சேற்றைக் குழைத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த நிறம் வரும்வரை கலந்தார். பளபளப்பே இல்லாத பெயின்ட். அதைச் சாக்குத்துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தார். கையெழுத்துப் போடத் தூரிகையை எடுத்தவர், அதைக் கழுவி வைத்துவிட்டார்.

வேலை முடிந்த அன்று ஒருவர் வந்து படகின் மேலேயே சைக்கிளைச் சாய்த்துவிட்டு, “அந்த அழகான படகு எங்கே?” என்று கேட்டார். பரஞ்சோதிக்குச் சுருக்கென்றது.

கிளுவைகள் வந்த காலையில் உலகாயி அவரைப் படகோடு முன்னால் அனுப்பினார். கோரைக்குள் போய் இருங்கள், நான் பின்னால் வருகிறேன் என்றார். பரஞ்சோதி அதே சாக்குத்துணியைப் போர்த்திக்கொண்டு போனார். பறவைகள் மேலே வட்டமடித்துக்கொண்டிருந்தன, இன்னும் இறங்கவில்லை.

இடுப்பளவுத் தண்ணீரில் உலகாயி வந்தார். படகைத் தேடினார். இரண்டு முழத் தூரத்தில் பரஞ்சோதியைக் கடந்து போனார், நின்றார், திரும்பினார். அவர் பார்வை படகின் மேல் பட்டு அப்படியே தாண்டிப் போயிற்று.

“ஜோதியண்ணே, எங்க இருக்கீங்க?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

இதோ இருக்கேன் என்று சொல்லப் பரஞ்சோதிக்கு வாய் திறந்துவிட்டது. எழுதிய பேனர்களில் எல்லாம் அவர் சொன்னது அதைத்தான்.

வாயை மூடிக்கொண்டார்.

கிளுவைகள் இறங்கின. படகைச் சுற்றிலும் தண்ணீர் கலகலத்தது. ஒன்று மட்டும் எம்பி, படகின் மூக்கில் உட்கார்ந்து சிறகைக் கோதியது. உலகாயி அந்தப் பறவையைப் பார்த்தார். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று பிறகுதான் பார்த்தார்.

துப்பாக்கியைத் தோளிலேயே விட்டுவிட்டு, தண்ணீர் அலுங்காமல் பின்னால் நடந்து கரையேறினார்.

மத்தியான பஸ் வந்து ஹாரன் அடித்தது. பேனர் எழுதுகிறவர் இன்று வந்தாலும் வருவேன் என்று சொல்லியிருந்தாரே, ஆள் எங்கே என்று கண்டக்டர் கேட்டார்.

“காலையிலேருந்து நானும் தேடுறேன்” என்றார் உலகாயி. அவர் முகமெல்லாம் சிரிப்பு. “ஆளைக் காணோம்.”