வணக்கத்துக்கு இடமில்லாத தலைப்பு

அந்தக் காலத்தில் குருவியும் கொக்கும் நம்மைப் போலவே வாயாடிக்கொண்டிருந்தன. ஏரிக்கரை இலுப்பை மரம்தான் ஊருக்கெல்லாம் அறிவிப்புப் பலகை. யாருக்கு என்ன சேதி என்றாலும் ஓலையில் எழுதி அங்கே செருகிவிட வேண்டியதுதான்.

ஏரி நடுவிலிருந்த தீவுக்காரர்கள் தினமும் வந்து படிக்க முடியுமா? அவர்களுக்காகப் பின்னி என்ற தூக்கணாங்குருவி ஓலைகளைக் கட்டாகக் கட்டிக் கொடுப்பாள். கூழைக்கடா அதைத் தன் தாடைப் பையில் போட்டுக்கொண்டு போகும். ஒவ்வொரு ஓலைக்கும் மேலே தலைப்பு எழுதிய ஒரு சின்ன ஓலை நறுக்கு உண்டு. பைக்கு வெளியே நீட்டினால் நனைந்துவிடுமே என்று, நீளமான நறுக்கைப் பின்னி கடித்துவிடுவாள். கடித்த துண்டைத் தூக்கிப் போட அவளுக்கு மனசு வராது. கூட்டுக்குள் மெத்தையாகச் செருகிவிடுவாள்.

அவளுடைய ஒரே மகள் தினைச்சியைத் தீவில்தான் கட்டிக் கொடுத்திருந்தாள்.

ஒருநாள் ஆள்காட்டிக் குருவி அவசரமாக ஓர் ஓலை செருகியது. அவசரத்திலும் மரியாதைக்குக் குறைச்சலில்லை, பாருங்கள்! "தீவின் திலகமே, கொக்குக் குலத் தலைவரே, தங்கள் பாதங்களுக்கு வணக்கம்" என்று தொடங்கி எங்கேயோ போய் முடிந்தது தலைப்பு. பின்னி வழக்கம்போல் வணக்கம் வரைக்கும் விட்டுவிட்டு மீதியைக் கடித்துவிட்டாள்.

தீவில் கொக்குத் தலைவர் தலைப்பைப் பார்த்தார். "நம்ம ஆள்காட்டி வணக்கம் சொல்லியிருக்கான். சாயங்காலம் ஆற அமரப் படிக்கலாம்" என்று ஓரமாக வைத்துவிட்டார்.

மறுநாள் கூழைக்கடா வெறும் பையோடு வந்து நின்றது. பின்னியின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"என்னண்ணே, தீவுலேருந்து வர்ற பதில் கட்டு எங்கே?"

"கிழக்குக் கரையில வலை விரிச்சிருக்காங்க, தாயி. நேத்து மத்தியானமே தினைச்சி தெரியாம இரை பொறுக்கப் போய் மாட்டிக்கிட்டா."

பின்னி கூட்டுக்குள் பாய்ந்து மெத்தையைக் கலைத்தாள். நேற்றைய துண்டு மேலாகவே கிடந்தது. "கிழக்குக் கரையில் வலை."

ஐயோ, அந்தத் தாய் கதறிய கதறல்! ஆள்காட்டியும் தலையில் அடித்துக்கொண்டு அழுதது. "நான் எழுதினேனே, அக்கா! மரியாதையாத்தானே எழுதினேன்!"

"எழுதினே, தம்பி. கடிச்சவ நான்தானே" என்றாள் பின்னி.

அழுது ஓய்ந்ததும் அவள் எல்லாரும் தலைப்பு எழுதப் புது நறுக்குகள் வெட்டினாள். பழையதில் பாதி நீளம்கூட இல்லை.

கூழைக்கடா திகைத்தது. "இன்னும் நீளமா இல்ல வெட்டணும்?"

"இடம் கொடுத்தா மறுபடியும் வணக்கம்தான் வைப்பாங்க, அண்ணே. இடமே இல்லேன்னா விஷயத்தைச் சொல்லித்தானே ஆகணும்?"

அன்று வெட்டிய அளவுதான் அப்புறம் நிலைத்தது. பின்னாளில் மனிதர்கள் கம்ப்யூட்டரில் அறிவிப்புப் பலகை வைத்து, தொலைபேசி வழியாகச் சேதிகளைக் கட்டாக இறக்கி, இணைப்பைத் துண்டித்துவிட்டு ஓய்வாகப் படிக்கத் தொடங்கியபோதும் தலைப்புக்கு இருபத்தைந்து எழுத்துக்கு மேல் இடம் வைக்கவில்லை. தலைவரைப் புகழ அது போதாதுதான். கிழக்குக் கரையில் வலை என்று சொல்லப் போதும்.